மிளகாயில் கலப்பின வீரியம்: மகசூல் எங்கிருந்து கூடுகிறது, காயின் குணம் ஏன் கூடவே வருவதில்லை

ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். அவரிடம் இரண்டு மிளகாய் ரகங்கள் இருக்கின்றன. ஒன்றில் செடி நிறையக் காய்க்கும், ஆனால் காய் சின்னது. இன்னொன்றில் காய் நீளமாகவும் எடையாகவும் இருக்கும், எண்ணிக்கை குறைவு. இரண்டையும் கலப்பு செய்தால் மகசூல் கூடுமா? காயின் நீளமும் காரமும் சேர்ந்து கூடுமா? கிடைக்கும் விதையை அடுத்த பருவத்துக்கு எடுத்து வைக்கலாமா?

சுருக்கமாகச் சொன்னால், மகசூல் கூட நல்ல வாய்ப்பு இருக்கிறது. காயின் நீளமும் எடையும் பெரும்பாலும் இரண்டு பெற்றோருக்கும் நடுவில், கொஞ்சம் சிறியதன் பக்கம் சாய்ந்து நிற்கும். காரம் இருக்கும், ஆனால் கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். விதையை எடுத்து வைத்தால் கிடைப்பது அதே ஹைப்ரிட் அல்ல. இதெல்லாம் ஏன் இப்படி என்று விளங்கிக்கொண்டால் எந்தப் பெற்றோரைத் தேர்ந்தெடுப்பது என்பதும் தானாகவே தெளிவாகும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கலப்பின வீரியம், அதாவது கலப்பில் பிறந்த செடி பெற்றோரைவிட மேலாக நிற்பது, என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மக்காச்சோளம். அதற்கு ஹெட்டிரோசிஸ் என்ற சொல்லை 1914-இல் முன்வைத்த தாவர மரபியலாளர் ஜார்ஜ் ஷல் அந்தப் பயிரில்தான் வேலை செய்தார். ஆனால் மக்காச்சோளத்தின் கதையை மிளகாய்க்கு அப்படியே பொருத்தக் கூடாது. மக்காச்சோளம் அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர். அதைத் தொடர்ந்து தன் மகரந்தச் சேர்க்கை செய்யவிட்டால் செடி நலிந்து, குட்டையாகி, கதிர் சிறுத்துப் போகும். அப்படி நலிந்த இரண்டு வரிசைகளைச் சேர்க்கும்போது வரும் எழுச்சி கண்ணைப் பறிக்கும். மிளகாய்ப் பூ இருபாலினது, பெரும்பகுதி தன்னுடைய மகரந்தத்திலேயே கருவுறும். தேனீக்கள் நடமாட்டத்தைப் பொறுத்து அயல் சேர்க்கை சில சதவீதத்திலிருந்து மிக அதிகம் வரை மாறும் என்றாலும், தலைமுறை தலைமுறையாகத் தன் சேர்க்கை செய்தாலும் மிளகாய் வரிசை பெரிதாக நலிவதில்லை. வயலில் நன்றாகக் காய்க்கும் தூய வரிசைகள், அதாவது தன் சேர்க்கையிலேயே தொடர்ந்து வந்து விதைத்தால் ஒரே மாதிரி பிறப்பவை, எத்தனையோ இருக்கின்றன. ஆகவே மிளகாயில் ஹைப்ரிட் என்பது நலிந்ததை மீட்பது அல்ல. ஏற்கெனவே நல்ல இரண்டைச் சேர்த்து அதற்கும் மேலே போவது. மேலே போக முடிகிறது என்பது புதுச் செய்தியும் இல்லை. 1933-இல் ஆர். பி. தேஷ்பாண்டே இந்திய மிளகாய்களில் இதைப் பதிவு செய்தார். 1945-இல் பி. பி. பால் கொண்டைக்கடலை, எள், மக்காச்சோளம் ஆகியவற்றோடு மிளகாயையும் வைத்துக் கலப்பின வீரியத்தைப் பற்றி எழுதினார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். மிளகாயில் மகசூல் என்பது ஒரு தனிக் குணம் அல்ல. செடிக்கு எத்தனை காய், ஒரு காயின் எடை எவ்வளவு என்ற இரண்டின் பெருக்கல் அது. இந்தப் பெருக்கலுக்குள்ளேயே வீரியத்தின் பெரும்பகுதி ஒளிந்திருக்கிறது. எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு போடலாம். முதல் ரகம் செடிக்கு 200 காய், காய் ஒன்று 2 கிராம். மொத்தம் 400 கிராம். இரண்டாவது ரகம் செடிக்கு 60 காய், காய் ஒன்று 7 கிராம். மொத்தம் 420 கிராம். எஃப்1 செடி, அதாவது கலப்பில் பிறக்கும் முதல் தலைமுறைச் செடி, எந்த விசேஷ வீரியமும் காட்டாமல், இரண்டு குணத்திலும் சரியாக நடுவில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 130 காய், காய் ஒன்று 4.5 கிராம். பெருக்கினால் 585 கிராம். நல்ல பெற்றோரைவிட ஏறக்குறைய 39 சதவீதம் அதிகம்! ஓங்கு மரபணுவும் (ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே வெளிப்படுவது) வேண்டாம், வேறு எதுவும் வேண்டாம், சராசரியே இதைக் கொடுத்துவிடுகிறது.

நடைமுறையில் இவ்வளவு தாராளமாகக் கிடைக்காது. காரணம், காயின் எடை நேர் சராசரியில் நிற்பதில்லை. சிறிய காய்க்கான மரபணுக்கள் ஓரளவு ஓங்கு தன்மை உள்ளவை, அதனால் எஃப்1 காயின் எடை பெருக்கல் சராசரியை (இரண்டு எண்ணையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவது) ஒட்டியே வரும். 2 கிராமுக்கும் 7 கிராமுக்கும் பெருக்கல் சராசரி சுமார் 3.7 கிராம். 130 காயை 3.7 கிராமால் பெருக்கினால் 481 கிராம், நல்ல பெற்றோரைவிடச் சுமார் 15 சதவீதம் அதிகம். காயின் எண்ணிக்கையும் பெருக்கல் சராசரிக்கு, அதாவது ஏறக்குறைய 110-க்கு இறங்கிவிட்டால் மகசூல் 410 கிராமை ஒட்டி வந்துவிடும். பெற்றோர் நின்ற அதே இடம், வீரியமே இல்லை. ஆக, ஒரு மிளகாய் ஹைப்ரிட் வெல்வதும் தோற்பதும் காயின் எண்ணிக்கை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில்தான் இருக்கிறது. என் பார்வையில் மிளகாய்க் கலப்பினத் திட்டத்தில் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். மொத்த எடையை மட்டும் குறித்து வைத்துவிட்டு, எண்ணிக்கையையும் காய் எடையையும் தனித்தனியாகக் குறிக்காமல் விட்டால், வீரியம் எங்கிருந்து வந்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

எண்ணிக்கை எப்படிக் கூடுகிறது? செடியை உட்கார்ந்து பார்த்தால் தெரியும். மிளகாய்ச் செடி ஒரு தண்டாக எழும்பி, குறிப்பிட்ட உயரத்தில் இரண்டாகக் கவைக்கிறது. அந்தக் கவையில் ஒரு பூ. இரண்டு கிளையும் மறுபடி கவைக்கின்றன, அங்கே ஆளுக்கொரு பூ. ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று ஒவ்வொரு அடுக்கிலும் பூ இருமடங்காகிறது. எல்லாக் கிளையும் கடைசிவரை பிழைத்திருப்பதில்லை, எல்லாப் பூவும் பிடிப்பதுமில்லை, இருந்தாலும் அடிப்படைக் கணக்கு இதுதான். எஃப்1 நாற்று பெரும்பாலும் தொடக்கத்திலேயே கொஞ்சம் வேகமாக வளரும், சில நாள் முந்திப் பூக்கும். அந்தச் சிறிய முந்துதல் செடிக்கு ஒரு கவை அடுக்கைக் கூடுதலாகச் சேர்த்துக் கொடுத்துவிட்டால், பூவின் எண்ணிக்கையில் அது பெரிய வித்தியாசமாக வெளிப்படும். செடியின் உயரம், கிளைகளின் எண்ணிக்கை, முந்திப் பூப்பது ஆகிய குணங்களில் வீரியம் தெரிகிற கலப்புகளில் காயின் எண்ணிக்கையிலும் தெரிவது இதனால்தான். பூக்கும் நாளைப் பொறுத்தவரை நமக்கு வேண்டியது எதிர்மறை வீரியம், நாள் குறைவதுதான் நல்லது. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் மகரந்தம் பலவீனமாகிப் பூ உதிரும். அதற்கு முன்பே ஒரு சுற்று காய் பிடித்துவிடும் செடிக்குத்தான் லாபம்.

வீரியத்தை எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மூன்று விதமாகச் சொல்வார்கள். பெற்றோர் இருவரின் சராசரியோடு ஒப்பிடுவது ஒன்று. இருவரில் நல்லவரோடு ஒப்பிடுவது இரண்டாவது. ஏற்கெனவே சாகுபடியில் இருக்கும் சிறந்த ரகத்தோடு, அதாவது ஒப்பீட்டு ரகத்தோடு, ஒப்பிடுவது மூன்றாவது. முதலாவது மரபியல் புரிதலுக்குப் பயன்படும். சாகுபடி செய்பவருக்கு மூன்றாவது மட்டுமே பொருட்டு. செடிக்கு 150 கிராமும் 170 கிராமும் தரும் இரண்டு மெலிந்த வரிசைகளைச் சேர்த்து 320 கிராம் எடுத்தால், பெற்றோர் சராசரிக்கு மேல் 100 சதவீதம் என்று எழுதலாம். ஒப்பீட்டு ரகம் 450 கிராம் தரும் இடத்தில் அந்த 100 சதவீதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மறுபக்கம் 400, 420 தரும் பெற்றோரிலிருந்து வந்த ஹைப்ரிட் 520 தந்தால், சதவீதம் சின்னதாகத் தெரிந்தாலும் வயலில் அதுதான் நிற்கும். ஒரு கலப்பைப் பாராட்டுவதற்கு முன் அது உண்மையில் எத்தனை கிராம் தந்தது, எந்த ஒப்பீட்டு ரகத்தின் பக்கத்தில் நின்று தந்தது என்று கேளுங்கள்.

இனி காயின் குணங்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

காயின் நீளம், அகலம், எடை எல்லாமே பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிப்பவை. ஒவ்வொன்றும் தன் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறது. இப்படிக் கூட்டல் தன்மை மிகுந்த குணங்களில் எஃப்1 பெற்றோரைத் தாண்டிப் போவது அரிது. 12 செ.மீ. நீளமுள்ள காயும் 5 செ.மீ. காயும் சேர்ந்தால் 13 வராது, ஏழு எட்டை ஒட்டி வரும். சந்தைக்கு 12 செ.மீ. வேண்டும் என்றால் இரண்டு பெற்றோருமே அந்த அளவை ஒட்டி இருக்க வேண்டும். உருவமும் அப்படித்தான். உருண்டைக் காயையும் நீளக் காயையும் சேர்த்தால் வரும் உருவம் பெரும்பாலும் உருண்டையின் பக்கம் சாயும், எந்தச் சந்தைக்கும் பொருந்தாத ஒரு நடுத்தரக் காய் கிடைக்கும். மகசூலுக்கு வேறுபட்ட பெற்றோர் வேண்டும், காயின் குணத்துக்கு ஒத்த பெற்றோர் வேண்டும். இந்த இழுபறிக்கு நடுவில்தான் மிளகாய்க் கலப்பின வேலையே நடக்கிறது.

ஒற்றை மரபணுக் குணங்கள் வேறு மாதிரி. அங்கே எது ஓங்கு, எது ஒடுங்கு (இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படுவது) என்று தெரிந்திருந்தால் எஃப்1 எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். தொங்கும் காய் ஓங்கு, மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும் காய் ஒடுங்கு. பழுத்த காயின் சிவப்பு ஓங்கு, மஞ்சள் ஒடுங்கு. கொத்தாகக் காய்ப்பது ஒடுங்கு. இந்தக் கடைசியைக் கவனியுங்கள். கொத்துக்காய் ரகத்தை ஒரு பெற்றோராக வைத்தால் எஃப்1-லும் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும் என்று எண்ணிக் கலப்பு செய்பவர்கள் உண்டு. எஃப்1-இல் காய் தனித்தனியாகத்தான் வரும். கொத்து வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் கொத்தாக இருக்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கை, ஊசி மிளகாய் போன்ற சிறு காய் வகைகள் சிலவற்றில் பழுத்ததும் சதை குழைந்து, காம்பை விட்டு எளிதில் கழன்றுவிடும் குணம் இருக்கிறது. பறவைகள் கொத்திச் சென்று விதை பரப்புவதற்கு ஏற்ற குணம் அது. அது ஓங்கு. அப்படிப்பட்ட ஒன்றைப் பெற்றோராக எடுத்தால் எஃப்1 பழமும் கையில் குழையும். வத்தலுக்கும் தொலைதூரம் அனுப்புவதற்கும் அது உதவாது.

காரத்துக்கு வருவோம். காரம் இருக்கிறதா இல்லையா என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது பன்1 என்ற மரபணு. இரண்டாவது குரோமோசோமில் இருக்கிறது. காரமுள்ள வடிவம் ஓங்கு. குடைமிளகாயில் அந்த மரபணுவின் ஒரு துண்டு அறுந்து போயிருப்பதால் காரம் உருவாவதில்லை என்று 2005-இல் கண்டறிந்தார்கள். ஆகவே குடைமிளகாயைக் கார மிளகாயோடு சேர்த்தால் எஃப்1 காரமாகத்தான் இருக்கும். காரமில்லாத ஹைப்ரிட் வேண்டுமென்றால் இரு பெற்றோரும் காரமற்றவையாக இருக்க வேண்டும். ஆனால் எவ்வளவு காரம் என்பது வேறு கேள்வி. அதற்குப் பல மரபணுக்கள் உண்டு, கூடவே சூழலின் கையும் உண்டு. காரத்தைத் தரும் பொருளான கேப்சைசின் உருவாவது காயின் உள்ளே விதை ஒட்டியிருக்கும் வெண்மையான சூலொட்டுத் தசையில், விதையில் அல்ல. அந்தத் தசை காயின் மொத்த எடையில் எவ்வளவு பங்கு என்பதைப் பொறுத்தும் காரம் கூடும் குறையும். தண்ணீர் குறைந்து காய்ந்த நிலத்தில் வளர்ந்த காய் பொதுவாகக் காரம் கூடுதலாக இருக்கும். அதே ஹைப்ரிட்டுக்குத் தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கொடுத்தால் காய் பெருத்து, காரம் நீர்த்த மாதிரி ஆகிவிடும். அதனால் காரத்தில் வீரியம் வந்தது என்று யாராவது சொன்னால், பெற்றோரும் எஃப்1-உம் ஒரே வயலில், ஒரே வயதுக் காயில் அளக்கப்பட்டதா என்று பாருங்கள். 1912-இல் ஸ்கோவில் கொண்டுவந்த நாக்கை நம்பிய முறை போய், இப்போது பொருள்களைப் பிரித்து அளக்கும் குரோமட்டோகிராஃபி கருவியில் அளக்கிறார்கள் என்பதால் எண்ணில் சந்தேகம் குறைவு. மாதிரியை எப்படி எடுத்தார்கள் என்பதில்தான் சந்தேகம் வரும்.

வத்தலுக்கான ஹைப்ரிட் என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. பச்சையில் 500 கிராம் என்பது பெரிதல்ல, காய்ந்தால் எவ்வளவு நிற்கிறது என்பதுதான் மகசூல். தோல் தடித்த, சதைப்பற்றுள்ள காய் பச்சையில் எடை காட்டும், காயும்போது சுருங்கி வெள்ளை விழும், பூஞ்சணமும் பிடிக்கும். பச்சைக்கும் வத்தலுக்கும் ஒரே ஹைப்ரிட்டைத் தேடுவது பெரும்பாலும் வீண் வேலை என்பது என் கருத்து. இரண்டுக்கும் வேண்டிய தோல் வேறு.

நோய் எதிர்ப்பு என்பது ஹைப்ரிட்டின் உண்மையான பலம், அதைப் பலரும் மகசூல் சதவீதத்துக்குப் பின்னால் மறைத்துவிடுகிறார்கள். புகையிலைத் தேமல் வைரஸ் குடும்பத்துக்கு எதிரான எல் மரபணு வரிசையும், பாக்டீரியா இலைப்புள்ளிக்கு எதிரான பிஎஸ்2 மரபணுவும் ஓங்கு. ஒன்றைத் தாயிலும் மற்றதைத் தந்தையிலும் வைத்துவிட்டால் எஃப்1-இல் இரண்டும் ஒரே தலைமுறையில் வந்து சேரும். தூய வரிசையில் இரண்டையும் நிலைநிறுத்தப் பல தலைமுறை ஆகும். ஆனால் உருளைக்கிழங்கு ஒய் வைரஸ் குடும்பத்துக்கு எதிரான பிவிஆர்1 வகை எதிர்ப்பு ஒடுங்கு. அது இரு பெற்றோரிலும் இருந்தால்தான் எஃப்1-க்குக் கிடைக்கும். எதிர்ப்புள்ள தந்தையைப் போட்டேனே, ஹைப்ரிட் ஏன் நோய்வாய்ப்படுகிறது என்ற கேள்விக்குப் பல சமயம் விடை இதுதான்.

சரி, பெற்றோரை எப்படித் தேர்வு செய்வது? ரொம்ப நெருங்கிய உறவுள்ள இரண்டைச் சேர்த்தால் வீரியம் வராது. ரொம்ப விலகியவற்றைச் சேர்த்தாலும் வராது. மிளகாயில் சாகுபடியாகும் இனங்கள் ஐந்து. அனூம், ஃப்ரூட்டெசென்ஸ், சைனென்ஸ், பக்கேட்டம், ப்யூபெசென்ஸ். இதில் அனூமுக்கும் சைனென்ஸுக்கும் குரோமோசோம் துண்டுகளே இடம் மாறியிருக்கின்றன. கலப்பு பிடித்தாலும் எஃப்1 மகரந்தத்தில் ஒரு பங்கு மலடாகும். சில கலப்புகளில் நாற்று வைரஸ் தாக்கியதுபோல இலை சுருங்கிக் குட்டையாகவே நின்றுவிடும், அங்கே உண்மையில் எந்த வைரஸும் இருக்காது. இப்படிப்பட்ட இனம் கடந்த கலப்புகள் நோய் எதிர்ப்பு மரபணுவைக் கொண்டுவரப் பயன்படும், நேரடி ஹைப்ரிட்டுக்கு அல்ல. ஒரே இனத்துக்குள், வேறு வேறு பின்னணியில் உருவான, தனித்தனியே நல்ல மகசூல் தரும் வரிசைகளைத் தேடுவதே பலன் தரும்.

ஒரு வரிசை தானாக நன்றாகக் காய்ப்பது வேறு, பிறரோடு சேர்ந்து நன்றாகக் காய்ப்பது வேறு. ஒரு வரிசையைப் பலரோடு சேர்த்துப் பார்த்து, எல்லாக் கலப்பின் சராசரியும் உயர்ந்தால் அதற்குப் பொது இணைவுத்திறன் நன்றாக இருக்கிறது என்கிறோம். குறிப்பிட்ட ஒரு ஜோடி மட்டும் எதிர்பார்த்ததைவிட மேலே போனால் அது சிறப்பு இணைவுத்திறன். 1942-இல் மக்காச்சோள ஆய்வாளர்கள் ஸ்ப்ரேக், டேட்டம் இருவரும் இந்தப் பிரிவைக் கொண்டுவந்தார்கள். 10 வரிசைகளை ஒன்றோடொன்று ஒரு திசையில் மட்டும் சேர்த்தாலே 45 கலப்புகள் வரும், தாய் தந்தை இடம் மாற்றியும் செய்தால் 90. அவ்வளவையும் கையால் கலப்பு செய்து வயலில் நடுவது சிரமம் என்பதால், பல தாய் வரிசைகளைச் சில சோதனைத் தந்தையரோடு மட்டும் சேர்க்கும் முறையைத்தான் மிளகாயில் அதிகம் பின்பற்றுகிறார்கள். 12 தாய், 3 தந்தை என்றால் 36 கலப்பில் முடிந்துவிடும். காய் நீளம், எடை ஆகியவற்றுக்குப் பொது இணைவுத்திறனைப் பாருங்கள். காய் எண்ணிக்கைக்கும் மகசூலுக்கும் இரண்டையும் பாருங்கள்.

கலப்பு செய்யும் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் ஹைப்ரிட் விதையின் பின்னால் உள்ள உழைப்பு தெரியும். மறுநாள் மலரப்போகும் மொட்டுதான் வேண்டும். வெளுத்து, உப்பி, இதழ் இன்னும் பிரியாமல் இருக்கும். மாலையில் நுண்ணிய இடுக்கியால் இதழைப் பிரித்தால் உள்ளே ஐந்தாறு மகரந்தப்பைகள் சூலகமுடியைச் சுற்றி நிற்கும். பல ரகங்களில் ஊதா கலந்த நீல நிறம். அவை வெடித்துத் தூள் தெரிந்தால் அந்த மொட்டு பயன்படாது, கிள்ளி எறிந்துவிட வேண்டும். வெடிக்காதவற்றை ஒவ்வொன்றாகச் சூலகமுடியில் படாமல் எடுக்க வேண்டும். மறுநாள் காலை, தந்தைச் செடியின் புதிதாக மலர்ந்த பூவிலிருந்து எடுத்த மகரந்தத்தைத் தடவி, காம்பில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வைக்க வேண்டும். அந்தச் செடியில் நூல் இல்லாத காய் ஒன்றுகூட விதைக்குப் போகக் கூடாது, ஏற்கெனவே பிடித்த பிஞ்சுகளையும் மலர்ந்த பூக்களையும் முதலிலேயே கிள்ளிவிட வேண்டும். ஆயிரம் விதை ஐந்தாறு கிராம்தான் தேறும் என்பதை வைத்து, ஒரு கிலோ விதைக்கு எத்தனை பூவைத் தொட வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

தாயைத் தேர்வு செய்யும்போது ஒரு தந்திரம் உண்டு. தாய்ச் செடி நாற்றிலேயே தண்டு முழுப் பச்சையாக, ஊதாச் சாயல் இல்லாததாக இருக்கட்டும். தந்தை ஊதாத் தண்டுள்ளதாக இருக்கட்டும். ஊதாச் சாயம் உண்டாவது ஓங்கு. நாற்றங்காலில் தண்டின் அடிப்பகுதி பச்சையாக நிற்கும் நாற்று எல்லாம் தாயின் தன் மகரந்தத்தில் வந்தவை, அப்போதே பிடுங்கிப் போட்டுவிடலாம். ஆய்வகம் தேவையில்லை.

மகரந்தப்பையை எடுக்கும் வேலையே வேண்டாம் என்பதற்காகத்தான் ஆண் மலட்டு வரிசைகளைத் தேடினார்கள். 1958-இல் பீட்டர்சன், இந்தியாவிலிருந்து போன பி.ஐ. 164835 என்ற சேகரிப்பு எண் கொண்ட மிளகாயில் சைட்டோபிளாசம் (உட்கருவுக்கு வெளியே உள்ள, தாய் வழியே வரும் செல் பகுதி) வழியாக வரும் ஆண் மலட்டுத்தன்மையை விவரித்தார். இன்றைக்கு இந்த வழியில் வரும் மிளகாய் ஹைப்ரிட்டுகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. இதில் மூன்று வரிசை வேண்டும். மலட்டுத் தாய், அதைப் பராமரிக்கும் வரிசை, எஃப்1-இல் மகரந்தத்தைத் திரும்பக் கொண்டுவரும் மீட்பு வரிசை. கார மிளகாயில் மீட்பு மரபணு தாராளமாகக் கிடைக்கும். குடைமிளகாயில் பெரும்பாலான ரகங்களில் அது இல்லை, அதனால் அங்கே இந்த முறை தடுமாறியது. வெப்பநிலை மாறும்போது சில மலட்டுத் தாய்கள் கொஞ்சம் மகரந்தம் விட்டுவிடும் சிக்கலும் உண்டு. ஆகவே விதை எடுக்கும் பருவம் முழுக்க மகரந்தப்பைகளைத் திறந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மற்றொரு வழி, உட்கருவில் உள்ள ஒடுங்கு மரபணுவால் வரும் மலட்டுத்தன்மை. லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் எம்.எஸ்.-12 என்ற வரிசையைத் தாயாக வைத்து சி.ஹெச்.-1 ஹைப்ரிட்டை உருவாக்கியது இந்த வழியில்தான். இதில் மீட்பு வரிசை தேட வேண்டியதில்லை, எந்த நல்ல வரிசையும் தந்தையாகலாம். விலை என்னவென்றால், தாய் வரிசையில் பாதிச் செடி வளமாகவே பிறக்கும். பூ வந்ததும் ஒவ்வொரு செடியாகப் பார்த்து, மகரந்தப்பை சூம்பியிருப்பதை வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்க வேண்டும்.

வயல் சோதனையில் ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். தனித்தனியாக, அகல இடைவெளியில் நட்ட செடிகளில் அளந்த வீரியத்தை நம்பாதீர்கள். வேகமாகப் படரும் எஃப்1 காலியான இடத்தை எல்லாம் பிடித்துக்கொண்டு காய்க்கும், அடக்கமான பெற்றோருக்கு அந்த இடம் பயன்படாது. ஒரே வரிசையில் அருகருகே நட்டால் எஃப்1 பக்கத்துச் செடியின் வெளிச்சத்தையும் தண்ணீரையும் எடுத்துக்கொள்ளும். சாகுபடி இடைவெளியில், ஒவ்வொன்றையும் பல வரிசை கொண்ட தனிப் பாத்தியாக, ஓர வரிசையை விட்டுவிட்டு, குறைந்தது மூன்று முறை திரும்ப நட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட பருவத்தில் அளந்தால்தான் அந்த எண் பேசும். முதல் இரண்டு பறிப்போடு நிறுத்திவிடாதீர்கள், முந்திக் காய்ப்பது மட்டுமே மகசூல் போலத் தோன்றிவிடும்.

கடைசிக் கேள்வி, விதையை எடுத்து வைப்பது. எஃப்1-இன் விதையை விதைத்தால் வருவது எஃப்2. அதில் ஓங்கு தன்மையால் வந்த வீரியத்தில் சராசரியாகப் பாதி போய்விடும். அதைவிடப் பெரிய தொல்லை சீரின்மை. நீளம், நிறம், காரம், முதிரும் நாள் எல்லாம் செடிக்குச் செடி மாறும், ஒரே பறிப்பில் பத்து விதமான காய் வரும். ஆண் மலட்டு முறையில் உண்டான ஹைப்ரிட் என்றால் இன்னொன்றும் சேரும். உட்கரு வழி என்றாலும், சைட்டோபிளாசம் வழியில் ஒற்றை மீட்பு மரபணு இருந்தாலும், எஃப்2-இல் ஏறக்குறைய நான்கில் ஒரு செடி மலடாக நிற்கும். தேனீ வந்தால் கொஞ்சம் காய்க்கும், இல்லையென்றால் பூவாகவே கொட்டும். சாகுபடிக்கு எஃப்2 வேண்டாம்.

ஆனால் புது ரகம் உருவாக்க அதே எஃப்2 நல்ல மூலப்பொருள். முன்பு போட்ட பெருக்கல் கணக்கை நினைத்துப் பாருங்கள். நடுத்தர எண்ணிக்கையும் நடுத்தர எடையும் சேர்ந்து தந்த ஆதாயத்துக்குக் கலப்பு நிலை, அதாவது ஒரே மரபணுவின் இரண்டு வேறு வடிவங்கள் ஒரே செடியில் இருப்பது, அவசியமே இல்லை. அந்தச் சேர்க்கையைத் தூய வரிசையிலும் நிலைநிறுத்தலாம். சில நூறு எஃப்2 செடிகளை நட்டு, காய் எண்ணிக்கையும் எடையும் ஒரே செடியில் நன்றாக அமைந்தவற்றைத் தேர்ந்தெடுத்து, மலரும் முன்பே மொட்டுக்கு மெல்லிய துணிப் பை கட்டித் தன் மகரந்தத்தில் காய்க்க விடுங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்பு நிலை பாதியாகும். எஃப்2-இல் 50 சதவீதமாக இருப்பது எஃப்7-இல் 2 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். நோய் எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்துக் கட்டவும், வயல் முழுக்க ஒரே மாதிரி காய் வேண்டும் என்பவர்களுக்கும் ஹைப்ரிட் சரியான வழி. உங்களிடம் இருக்கும் இரண்டு ரகங்களைப் பொறுத்தவரை, முதலில் எஃப்1-ஐ இரண்டு பெற்றோரோடும் ஒரு நல்ல ஒப்பீட்டு ரகத்தோடும் நட்டுப் பாருங்கள். காய் எண்ணிக்கை நீளக்காய்ப் பெற்றோரைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பு போட்ட எடுத்துக்காட்டுக் கணக்கின்படி 110-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ நின்றால் அந்தக் கலப்பை விட்டுவிட்டு வேறு தந்தையைத் தேடலாம். 130-ஐத் தாண்டினால் அதே எஃப்1-இலிருந்து கொஞ்சம் விதையைத் தன் மகரந்தத்தில் எடுத்து, தூய வரிசை வேலையையும் பக்கத்திலேயே தொடங்கிவிடுங்கள்.